லிண்டல் மட்டம்

அம்மா எனக்குக் கட்டும் வீடு
நாவற்குடாவில், அவளுடைய வேலிக்கு அங்கால்,
எட்டு வருடமாய் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.
இங்கே பெண்ணுக்குத்தான் வீடு.
மாப்பிள்ளை பிறகு வருவான்,
ஒரு சூட்கேசும் தாயின் படமும் கொண்டு.
கூரை ஏறாத வீட்டுக்கு எவனும் வரமாட்டான்.
ஆகவே கூரைக் காசை
மூன்று தரம் தின்றேன்.

முதல் தரம் அச்சு இயந்திரம்.
மூடிப்போன அச்சகமொன்றின் பழைய இரும்பு;
ஏற்ற நாலு பேர், இறக்க ஆறு பேர்.
இரண்டாம் தரம் ஹில்மியின் குறும்படம்;
அதில் எருமை மட்டும் நன்றாக நடித்தது.
மூன்றாம் தரம் எதற்கென்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
திருகோணமலை பஸ், ஒரு வாரம், நிறைய ரொட்டி.

கதவில்லாத மூன்று அறைகளில் ஐந்து பேர் இருந்தோம்.
இருந்தோம் என்றால், பாய் விழுந்த இடத்தில்.
மனோன்மணி மாமி இரவு பத்துக்கும்
தண்ணி அள்ள வருவாள்.
வாளி நிறையும். கண் நிறையாது.
சீமெந்துக் கல்லில் குந்தி
எல்மோ கிற்றாரில் கஃப்ரிஞ்ஞா வாசிப்பான்.
மழை வந்தால் கிற்றாரைப் படங்கால் மூடிவிட்டு
நாங்கள் நனைவோம்.
படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தோம் என்று எழுதினால் அழகு.
உண்மையில் நுளம்பு.

பிறகு ஒவ்வொருவராய்.
ஹில்மிக்குக் காத்தான்குடியில் டயர்க் கடை,
பலகையில் வாப்பாவின் பெயர்,
கைபேசித் திரையில் இன்னும் அந்த எருமை.
சுகிர்தா கனடா.
கிருபைராசா வங்கியில், கழுத்துப்பட்டியோடு.
வழியில் கண்டால் கேட்கிறான்:
"என்ன கா, இன்னும் அதேயா?"
'அதே'யை அவன் எப்படிச் சொன்னான் என்று
கல்லடிப் பாலம் முழுக்க
சைக்கிள் மிதித்துக்கொண்டு யோசித்தேன்.

பட்டதாரி நியமனத்துக்கு முப்பத்தைந்து எல்லை.
முப்பத்துநாலும் பதினொரு மாதமும் ஆனபோது
கடிதம் வந்தது.
அபிவிருத்தி உத்தியோகத்தர், வவுணதீவு.
அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்தாள்.
நான் கிழித்தெறிவேன் என்று
எல்மோ ஐந்நூறு ரூபாய் பந்தயம் கட்டினான்.
தோற்றான். காசு தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

பிரதேச செயலக வாசலில் கைரேகை இயந்திரம்.
பெருவிரலை வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
சேலையில் துடைத்து வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
டர்பன்டைனும் மையும் பதினொரு வருடம் அரித்த விரல்,
அதில் வரி இல்லை.
"மேசன்மாருக்கும் இப்படித்தான்" என்று
லிகிதர் ஒரு பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தார்.
இரண்டு வாரம்
இயந்திரம் அறியாத ஆளாய்ப் போய் வந்தேன்.
சொல்லக்கூடாது, உள்ளே ஒரு சந்தோசம்:
அரசாங்கத்துக்கு நான் பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, எட்டு இருபத்தேழு,
நன்றி என்றது.
பின்னால் நின்ற பெண் கைதட்டினாள்.
நானும் சிரித்தேன்.
அதுதான் கூச்சமாயிருக்கிறது,
சிரித்தது நடிப்பில்லை.

தகடு வந்து இறங்கிவிட்டது.
"மாரிக்கு முன்னம் ஏத்தோணும் புள்ள" என்கிறார்
தேவசகாயம் மேசன்.
"இந்த இரும்புச் சாமான எங்க தள்ளுற?
கதவு வெச்சா மறுகா வெளிய போகாது."
போக வேண்டாம், அண்ணன்.
கதவை இன்னும் கொஞ்சம் ஒடுக்கமா வையுங்க.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டாள்:
"அப்ப வாறவன் எங்க படுப்பான்?"

இன்றைக்கு எல்மோ வரவில்லை.
மனோன்மணி மாமி வந்தாள்,
வாளியை நிரப்பாமலே போனாள்.
பலகை செதுக்கி முடிந்தது.
மை தொடுமுன் வலது பெருவிரலுக்கு மட்டும்
டேப் சுற்றுகிறேன்,
இரண்டு சுற்று, நகம் மூடும்வரை.
அது திணைக்களத்துக்கு.
மற்ற ஒன்பதும்
கறுக்கத் தொடங்கிவிட்டன.